கள்ளன் பெல்லில் கொளுவிய நெருப்பு

மன்னாரில் நகைக்கடை, அடகுக்கடை வைத்திருப்பவர்களிடம் ‘கள்ளன் பெல்’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கதவில் காந்தம், எந்த மூலையில் ஆள் அசைவைப் பிடிக்கிற கண், அடித்தால் யாருடைய போனுக்கு அழைப்புப் போகும், எல்லாம் மனப்பாடம். நெருப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் முகட்டைக் காட்டுவார்கள். வெள்ளையாக ஒரு ஸ்மோக் டிடெக்டர் ஒட்டியிருக்கும். “அதையும் அதே பெட்டியிலதான் கொளுவியிருக்கு.”

எப்படிக் கொளுவுகிறார்கள் என்று பார்க்க, நண்பர் ஒருவர் மூலம் எருக்கலம்பிட்டிக்காரர் ஒருவரைப் பிடித்தேன். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது கைக்குழந்தையாகப் புத்தளம் போனவர். அங்கேயே வளர்ந்து, கட்டாரில் அலாரம் வேலை பழகி, இப்போது தாய் தகப்பனின் ஊருக்கே திரும்பியிருக்கிறார். அன்று பெரியகடைப் பக்கம் ஒரு கடையில் வேலை.

சட்டைப் பையிலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரிசி மணியளவு. பச்சை, நீலம், சிவப்புக் கோடுகள், 5.6 கிலோ ஓம். “அண்ணன், முழுச் சிஸ்டமும் இதிலதான் நிக்குது.”

விசயம் இதுதான். பெட்டியிலிருந்து போகும் இரட்டை வயரில் எந்நேரமும் சிறு மின்னோட்டம் ஓடும். வயரின் கடைசி முனையில் இந்த ரெசிஸ்டர் இருந்தால், ஓட்டத்தின் அளவைப் பார்த்தே வயர் சுகமாக இருப்பதைப் பெட்டி அறிந்துகொள்ளும். புகை வந்தால் டிடெக்டர் இரண்டு வயரையும் தொடுத்துவிடும், அது நெருப்பு. எலி கடித்து வயர் அறுந்தால் ஓட்டம் நிற்கும், அது பழுது. அவசரக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஏணியில் ஏறப் பஞ்சிப்பட்டு ரெசிஸ்டரைப் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு முகட்டில் வயர் அறுந்து தொங்கினாலும் பெட்டியில் பச்சை லைட் எரிந்துகொண்டே இருக்கும். அவர் கழற்றிய பழைய பெட்டிகளில் கனக்க இந்தக் கூத்துத்தானாம்.

கீபாட்டில் அவர் இலக்கங்களைத் தட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். காலையில் முதலாளி கோட் அடித்ததும் கள்ளனுக்கான சோன்கள், அதாவது பெட்டி தனித்தனியாகக் கவனிக்கிற வயர்ச் சுற்றுகள், உறங்கிவிடும். நெருப்புச் சோன் உறங்கக் கூடாது. அதை 24 மணி நேர நெருப்புச் சோன் என்று தனியாகக் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால், ஆட்கள் நிற்கிற பகல் முழுக்க அந்த டிடெக்டர் வெறும் அலங்காரம். சத்தமும் வேறாக இருக்க வேண்டும். கள்ளனுக்கு விடாத அலறல். நெருப்புக்கு மூன்று அடி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. கள்ளன் பெல் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கிற சனம், நெருப்பென்றால் வெளியே ஓட வேண்டுமே. மின்காந்தப் பூட்டுப் போட்ட கதவென்றால் அந்நேரம் அது தானாக விடுபடவும் வேண்டும்.

“சின்னக் கடைக்கு இது காணும். பெரிய கட்டடமெண்டா இப்பிடிச் செய்ய மாட்டன்” என்றார். அங்கே நெருப்புக்குத் தனிப் பனல், தனிப் பற்றரி. அதன் ரிலேகளிலிருந்து இரண்டு இணைப்பு மட்டும் கள்ளன் பெட்டிக்கு வரும்: நெருப்புக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று. கள்ளன் பெட்டி செய்தியை வெளியே அனுப்புவதோடு சரி. அது செத்தாலும் நெருப்புப் பனல் தன் பாட்டில் அலறும். கட்டாரில் சிவில் டிஃபென்ஸ்காரர் வந்து சோதிப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்ததாம்.

இங்கே சோதிப்பது உப்புக் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் செப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். டிடெக்டருக்குள் பூச்சி குடிபுகுந்து பொய் பெல் அடிக்கும். சினந்த முதலாளி வயரையே பிடுங்கிவிடுவார். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது 7 ஆம்பியர் மணிப் பற்றரிகள் வரிசையாகச் செத்தன. மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்று மின்நிலையத்தின் 30 காற்றாடிகள் நிற்கிற ஊர் இது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனிக் காசு. முதலாளி கொழும்பு ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறார். அவர் இன்னொருவருக்குக் கைமாற்றுகிறார். ஏணியில் நிற்பவருக்கு வருவது நாள்கூலி. நடுவில் நின்றவர்கள் ஒரு வயரையும் தொட்டதில்லை. அவர்கள் கொடுக்கிற உத்தரவு ஒரே வரி: “அதிலயே ஒரு டிடெக்டரைக் கொளுவிவிடு.” நெருப்புச் சோனுக்கு வேறு நேரமும் இல்லை, வேறு கூலியும் இல்லை. ரெசிஸ்டர் பெட்டிக்குள் போய்ச் சேருவது அப்படித்தான். கூலிக்காரரின் கள்ளத்தனம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களவு மேலே, பில் எழுதுகிற இடத்தில் நடக்கிறது.

கடைக்காரர்களே, அடுத்த முறை பில்லுக்குக் கையெழுத்து வைக்க முன், பகலில் கள்ளன் பெல்லை நிறுத்திவிட்டு டிடெக்டருக்குச் சோதனைப் புகை அடிக்கச் சொல்லுங்கள். பிறகு கடைசி டிடெக்டரின் வயரைக் கழற்றச் சொல்லிப் பெட்டியைப் பாருங்கள். பழுது லைட் எரியாவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.