உட்புறத்தின் மெருகு

மணமக்கள் இருவருக்குப் பரிசளிக்க, மரத்தாலான காபிக் குவளைகள் வேண்டிக் காரைக்குடியில் ஒரு கடைசல் பட்டறைக்குச் சென்றோம். சுழலும் கட்டையில் உளி படப்பட, குவளை உருப்பெற்றது. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களைப் போல அரக்குப் பூசித் தரக் கேட்டோம். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டிலேயே அது இளகிப் படிந்து பளபளக்கும்.

“வெளியே பூசலாம், உள்ளே கூடாது” என்றார் கடைசல்காரர். சூட்டில் படிந்த அரக்கு, கொதிக்கும் காபியின் சூட்டில் மீண்டும் இளகும். உட்புறத்திற்கு வேண்டியவை நன்கு உலர்ந்த மரமும் பொறுமையான இழைப்புமே. ஈரமரமாயின், எத்துணை மெருகிட்டாலும் பின்னர் வெடிக்கும்.

நம் குடும்பங்களும் இத்தகையனவே அல்லவா? ஞாயிறு திருப்பலியில் பிறர் காணும் நம் முகம் வெளிமெருகு. வீடு திரும்பியபின் மனைவியிடமும், மருமகளிடமும், முதிய பெற்றோரிடமும் நாம் பேசும் சொல்லே உட்புறம். துன்பம் கொதித்து வரும்போது தாங்க வேண்டியது அதுவே.

1955-இல் பாப்பரசர் 12-ஆம் பயஸ், மே 1-ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அத்தச்சர் பேசிய ஒரு சொல்லேனும் நற்செய்திகளில் இல்லை. ஆயினும், அவரது இல்லத்தில்தான் இறைமகன் வளர்ந்தார்.