மூன்று ஜில்லா, ஒரு மலை

எல்லையைத் தாண்டிப் பிரயாணம் செய்வது பணக்காரர்களின் காரியம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாஸ்போர்ட்டு வேண்டும், சுங்கச் சாவடியில் பெட்டி படுக்கைகளை அவிழ்த்துக் காட்ட வேண்டும், அந்நிய நாட்டுச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொல்லை ஒன்றும் இல்லாமல், ஒரு தூக்குப் புளியோதரையை எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படி எல்லை தாண்ட முடியுமா என்று யோசித்தோம்.

"பேஷாக முடியும்!" என்றார் எங்கள் நண்பராகிய தமிழ்ப் புலவர். "கலசப்பாக்கத்தில் புறப்படுங்கள். போளூர் வழியாக ஜவ்வாது மலையில் ஏறி, மறுபக்கம் திருப்பத்தூருக்கு இறங்குங்கள். செங்கம் கணவாய் வழியாக மறுபடியும் கலசப்பாக்கத்துக்கே வந்து சேருங்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி ஆகிய மூன்று ஜில்லாக்கள், ஓர் அருவி, ஒரு பழைய பட்டணம். எல்லாம் ஒரே பகலில்!"

இப்படிச் சொன்னவரை விட்டுவிட்டுப் போவோமா? கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பெரியவர்கள் நால்வரும் குழந்தைகள் இருவருமாகப் புலவரையும் ஏற்றிக்கொண்டு வாடகை மோட்டாரில் கிளம்பினோம்.

கலசப்பாக்கம், திருவண்ணாமலைக்கு வடக்கே செய்யாற்றங்கரையில் உள்ள ஊர். வருஷத்தில் பெரும் பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் செய்யாற்றில் அன்று நல்ல மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ரதசப்தமியன்று இங்கே வந்து பார்க்க வேண்டும்" என்றார் புலவர். அன்றைக்கு அண்ணாமலையார் தம் ஊரை விட்டுப் புறப்பட்டு, தீர்த்தவாரிக்காக இந்த ஆற்றுக்கு எழுந்தருளுகிறார். கலசப்பாக்கத்துத் திருமாமுடீசுவரர் ஆற்றுக்கு வந்து அவரைச் சந்திக்கிறார். சுவாமியே ஊரெல்லை தாண்டி வருகிற இடத்திலிருந்து நாங்கள் புறப்பட்டது நல்ல சகுனம் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டோம்.

மேற்கே பனிமூட்டத்துக்கு மேல் ஒரு மலைச் சிகரம் தலை நீட்டிற்று. அதுதான் பர்வதமலை. சங்க நூலாகிய 'மலைபடுகடாம்' கூறும் நவிர மலை இதுதான் என்றும், அதில் வரும் சேயாறே இந்தச் செய்யாறு என்றும், நன்னன் என்னும் அரசன் ஆண்ட செங்கண்மா நகரமே இன்றைய செங்கம் என்றும் அறிஞர்கள் கொண்டிருக்கிறார்கள். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டைப் பாடியவர் பெருங்கௌசிகனார். பத்துப்பாட்டைச் சாமிநாதையர் 1889-ஆம் வருஷத்தில் அச்சிட்டு வெளியிட்ட பிறகுதான் நம்மவர் பலருக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரிய வந்தது.

"அது என்ன கதை?" என்று குழந்தைகள் கேட்டார்கள்.

"கதை அல்ல, வழி சொல்லும் பாட்டு" என்றார் புலவர். "பரிசு பெற்று வருகிற கூத்தன், பசியோடு எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். இங்கே வழுக்கும், இங்கே பாம்பு இருக்கும், இந்த மலையூரில் போய் நின்றால் வயிறாரச் சோறு போடுவார்கள் என்று ஒன்று விடாமல் சொல்கிறான். வழியில் போரிலே மாண்ட வீரர்களின் பெயர் எழுதிய நடுகற்கள் இருக்கும், அவற்றைப் போற்றிவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறான்."

இந்தக் கடைசி விஷயத்தை அப்போது நாங்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

போளூரில் காப்பி சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினோம். சிறிது நேரத்தில் காடு சூழ்ந்துகொண்டது. சாலை வளைந்து வளைந்து ஏறிற்று. எங்களுக்கு மலையேறப் பிடித்திருந்தது. குழந்தைகள் காலையில் சாப்பிட்ட புளியோதரைக்கு மட்டும் பிடிக்கவில்லை. இரண்டு இடங்களில் மோட்டாரை நிறுத்தும்படி ஆயிற்று. நிறுத்தின இடத்திலெல்லாம் சில்லென்று காற்று வீசியதால் ஒருவருக்கும் வருத்தம் இல்லை.

மலைமேல் உள்ள முக்கியமான ஊர் ஜமுனாமரத்தூர். சுற்றிலும் சாமைக் கொல்லைகளும், பலா மரங்களும், புளிய மரங்களும். இங்கே வாழ்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையாள தேசத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை; மலையை ஆள்பவர்கள் என்று பொருள். பேசுவதும் தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சீபுரத்திலிருந்து வந்து மலை ஏறினார்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை.

ஜமுனாமரத்தூரிலிருந்து சிறிது தூரம் விலகிச் சென்றால் பீமன் அருவி. குற்றாலத்தைப் போல உயரத்திலிருந்து கொட்டும் அருவியை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். கோடையில் வந்தால் பாறையை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் மழைக் காலத்தின் முடிவில் அதன் அழகே வேறு. மரங்களுக்கு நடுவே கறுத்த பாறைகளின்மேல் தண்ணீர் வெள்ளையாக உருண்டு விழுகிறது. "பீமன் இங்கேதான் குளித்தானா?" என்று சிறியவன் கேட்டான். "பீமன் குளித்தால் உனக்குத் தண்ணீர் மிஞ்சியிருக்குமா?" என்று அவன் அக்காள் திருப்பிக் கேட்டாள். இருவரும் ஒரு மணி நேரம் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை.

கரையில் ஒரு மலையாளிப் பெரியவர் தேன் புட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு புட்டி வாங்கினோம். மிச்சமிருந்த புளியோதரையை அவருக்கும் கொடுத்தோம்.

"எந்த ஊர் சாமி?" என்று கேட்டார்.

சொன்னோம். எல்லை தாண்டிச் சுற்றிவரப் போவதையும் பெருமையாகச் சொன்னோம்.

"எங்க பசங்களும் எல்லை தாண்டித்தான் போறாங்க, சாமி" என்றார் பெரியவர். "இந்தச் சாமையை வச்சிக்கிட்டு எத்தனை நாள் தள்ளறது? கூலிக்குப் போறானுங்க. திருவிழாவுக்கு வந்தாத்தான் வந்தான்னு நிச்சயம்."

"எங்கே போகிறார்கள், பெரியவரே?"

"கூப்பிட்ட எடத்துக்கு" என்று சொல்லிவிட்டு அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அவர் எதை நினைத்துக்கொண்டார் என்பது எங்களில் பெரியவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஜவ்வாது மலையில் சந்தன மரம் மிகுந்திருந்த காலம் ஒன்று உண்டு. பெரிய மரங்களெல்லாம் பெரும்பாலும் கோடரிக்கு இரையாயின. மரம் போயிற்று, மரம் வெட்டத் தெரிந்த கைகள் மாத்திரம் மிஞ்சின. ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காடுகளில் விளையும் செம்மரத்தைக் கடத்தும் வியாபாரிகளுக்கு அந்தக் கைகள் தேவைப்பட்டன. தரகர்கள் மலையூர்களுக்கு வந்து, உள்ளூரில் கனவிலும் காணாத கூலி தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி, சேஷாசலக் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் மாண்டார்கள். இருபதின்மரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். தாக்கினார்கள், சுட்டோம் என்றது போலீஸ் தரப்பு. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் மற்றவர்கள். எப்படியாயினும், மரத்தை விற்றுப் பணம் பண்ணும் பெரிய வியாபாரி ஒருவன்கூட அந்த இருபது பேரில் இல்லை. கூலிக்குப் போனவர்கள்தான் குண்டுக்கு இரையானார்கள்.

மௌனமாகவே மோட்டாரில் ஏறினோம். மலைமேலேயே முதல் எல்லை வந்தது. ஒரு பலகை, அவ்வளவுதான். திருப்பத்தூர் ஜில்லாவுக்குள் நுழைந்துவிட்டோம். 1989-இல் பிறந்த திருவண்ணாமலை ஜில்லாவிலிருந்து 2019-இல் பிறந்த திருப்பத்தூர் ஜில்லாவுக்கு வந்ததைக் காட்டில் இருந்த குரங்குகள் அறிந்ததாகத் தெரியவில்லை.

காவலூர் வானாராய்ச்சி நிலையம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. விளக்கு வெளிச்சமும் புகையும் அதிகம் எட்டாத இடம் என்று பார்த்து, 1968-ஆம் வருஷத்தில் ஒரு சிறு தொலைநோக்கியுடன் தொடங்கினார்கள். தொடங்கியவர் வானநூல் மேதை வைணு பாப்பு. 1977-இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடிப்பதில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர்த் தொலைநோக்கியை 1986-ஆம் வருஷம் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சாமைக் கொல்லைக்கும் சனி கிரகத்துக்கும் இடையே இப்படி ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது! நம்மவர்கள் இதைச் செய்தார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. இவ்வளவு செய்தவர்களால் இதே மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிழைப்பைத் தேடித் தர முடியாதா என்றும் கூடவே தோன்றுகிறது.

ஆலங்காயத்தில் இறங்கித் திருப்பத்தூரை அடைந்தபோது பிற்பகல். சர்க்காரின் சந்தன மரக் கிடங்கு இந்த ஊரில்தான் இருக்கிறது. பழைய பாரமகால் நாட்டைத் திப்பு சுல்தானிடமிருந்து 1792-இல் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டபோது, ரீடு என்ற தளபதி திருப்பத்தூரிலிருந்து கொண்டுதான் நிலத்தை அளந்து வரி போட்டார். ரயத்துவாரி முறையின் விதை இந்த வட்டாரத்தில் ஊன்றியதுதான். அவரிடம் உதவியாளராக வேலை பழகியவர், பிற்காலத்தில் சென்னைக் கவர்னராக வந்த தாமஸ் மன்றோ.

தெற்கே கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஒரு மூலைக்குள் புகுந்து, சிங்காரப்பேட்டையைக் கடந்தோம். அங்கிருந்து கிழக்கே மலைகளுக்கு நடுவே போகும் வழிதான் செங்கம் கணவாய். இப்போது ஜில்லா எல்லையைக் காட்டும் இந்தக் கணவாய் ஒரு காலத்தில் ராஜ்யங்களைப் பிரித்தது. மேற்கே மைசூராரின் பாரமகால். கிழக்கே ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம். 1767-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ஆம் தேதி ஹைதர் அலியும் நிஜாமும் கர்னல் ஸ்மித்தின் படையைச் செங்கத்தில் எதிர்த்தார்கள். அன்றைய சண்டையில் ஸ்மித்துக்கே கை ஓங்கிற்று. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. திருவண்ணாமலையை நோக்கி நடையைக் கட்டினார். இரண்டு வருஷம் சென்று, 1769-இல், ஹைதர் அலி சென்னைப் பட்டணத்தின் வாசலிலேயே வந்து நின்று, கம்பெனியாரைச் சமாதானத்தில் கையெழுத்துப் போடச் செய்தார்.

செங்கத்தில் வெயில் சாய்ந்துவிட்டது. ரிஷபேசுவரர் கோயிலிலும் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலிலும் தரிசனம் செய்தோம். இரண்டாயிரம் வருஷமாகப் புலவர்கள் தேடி வந்த ஊரில் இப்போது பஸ் நிலையமும், பழக்கடைகளும், செல்போன் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் என்ன? பாட்டில் வரும் செங்கண்மாவின் கடைவீதியும் சந்தடியாகத்தான் இருந்தது என்றார் புலவர்.

ஊரை விட்டுச் சிறிது தூரம் வந்ததும் புலவர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். வயல் வரப்பின் ஓரத்தில் ஒரு கல் நின்றது. ஒரு வீரன், ஒரு கையில் வில், மற்றொரு கையில் வாள். யாரோ விபூதி பூசியிருந்தார்கள். செங்கத்துச் சுற்றுப்புறத்தில் இப்படிப்பட்ட நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்பொருள் துறையார் தேடி எடுத்துப் படித்து, நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். இவர்களில் பலர் அரசர்கள் அல்ல, தளபதிகளும் அல்ல. எல்லை தாண்டி வந்து மாடு கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர்கள். எல்லை தாண்டிப் போய் மாண்டவர்களும் உண்டு. இன்ன ராஜாவின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னான் பட்டான் என்று கல்லில் எழுதி வைத்தார்கள்.

"எடுத்தனூரில் ஒரு கல் இருந்தது" என்றார் புலவர். "மகேந்திரவர்ம பல்லவனின் காலம். எருமைகளைக் காக்கப் போராடிக் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். அவனுடைய நாய் திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் உருவத்தையும் அந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கோவிவன் என்று பெயர்."

குழந்தைகளுக்கு இதைவிட ஆனந்தமான சரித்திரம் கிடையாது. "கோவிவன், கோவிவன்" என்று இருட்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

எங்களுக்கு மாத்திரம் அருவிக்கரைப் பெரியவரின் முகம் மறக்கவில்லை. ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் காவல் நின்ற ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. 2015-இல் எல்லைக்கு அப்பால் விழுந்த இருபது பேர்களின் பெயர்களும் பத்திரிகைகளில் வந்தனதான். அவற்றில் ஒன்றையாவது சொல்லச் சொன்னால், மோட்டாரில் இருந்த ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை, புலவருக்குக்கூட.

இரவு எட்டு மணிக்குக் கலசப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆறு இருட்டில் ஓடும் சத்தம் கேட்டது. காலையில் நாங்கள் பார்த்துவிட்டு வந்த மலையில் பெய்த மழைதான் இங்கே ஆறாக வந்துகொண்டிருந்தது. நேயர்கள் அவசியம் இந்தப் பிரயாணத்தைச் செய்ய வேண்டும். கார்த்திகையிலோ மார்கழியிலோ செய்வது உத்தமம். போகிறவர்கள் மலைமேல் தேன் விற்கும் பெரியவர்களிடம் பேரம் பேசாமல் ஒரு புட்டி வாங்குங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவர்களுடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.