கோடு கிழித்தவர் யார்?

தெலுக் பங்லிமா காராங்கில் மாலை வேளைகளில் பெண்பிள்ளைகள் கபடி பழகும் திடல் ஒன்று உண்டு. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடும் ஓசை அங்கே கேட்கும். நாமும் பல மாதங்களாக அத்திடலுக்குச் சென்று ஓரத்தில் அமர்ந்து பார்த்து வருகிறோம். ஆட்டத்தின் நுட்பம் அறிந்து சென்றோமல்லோம். நம் தங்கையின் பேத்தி அங்கே ஆடுகிறாள் என்பதே காரணம்.

ஒருநாள் பயிற்சி முடிந்து முழங்காலில் மண்ணோடு வந்த அவள், "தாத்தா, பையன்களுக்கு மட்டும் ஏன் பெரிய களம்? அவர்களுக்கு மட்டும் ஏன் அதிக நேரம்?" என்று கேட்டாள். "பெண்களுக்கு உடல்வலிமை குறைவு, அதனால்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவள் மறுமொழி கூறாமல் போய்விட்டாள். விடை சொன்ன நமக்கே அது விடையாகப் படவில்லை.

விதிநூலைப் புரட்டினோம். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது; மகளிர் களம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. பாடிச் செல்பவர் எதிர்ப்பக்கத்தில் தாண்டியே தீரவேண்டிய கோடு ஆடவர்க்கு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரிலும், மகளிர்க்கு 3 மீட்டரிலும் கிழிக்கப்படுகிறது. ஆடவர்க்குப் பாதிக்கு 20 நிமிடமாக 40 நிமிட ஆட்டம். மகளிர்க்குப் பாதிக்கு 15 நிமிடமாக 30 நிமிடம் என்றே நெடுங்காலமாக விதி வகுத்திருந்தது. எடை வரம்பும் மகளிர்க்குக் குறைவு. மற்றவை ஏறக்குறைய ஒன்றே. பக்கத்திற்கு எழுவர்; ஒரு பாட்டுக்கு 30 வினாடி; பிடிபட்டால் வெளியே, தொட்டு மீண்டால் புள்ளி.

இவ்வேற்றுமைகள் யாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. எடை வரம்பு காயம் படாமற் காப்பதற்கு. அஃது ஆடவர்க்கும் உண்டு. எழுவர் கைகோத்துக் காக்கும் களத்தில், கையின் நீளத்துக்கும் காலின் எட்டுக்கும் ஏற்ப அகலத்தைக் குறைத்ததற்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் பத்து நிமிடத்தைக் குறைத்ததற்கு என்ன நியாயம்? பெண் களைத்துவிடுவாள் என்னும் எண்ணமன்றி வேறொன்றும் நமக்குப் புலப்படவில்லை. இவ்வெண்ணம் கபடிக்கு மட்டும் உரியதுமன்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்தவர் களைத்துச் சாய்ந்ததைக் கண்ட பெரியோர், இது பெண்ணுடலுக்கு ஆகாது என்று கூக்குரலிட்டு, 1960 வரையில் அவ்வோட்டத்தையே நீக்கி வைத்தனர். ஓடிக் களைப்பது ஆடவர்க்கும் இயல்பே என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்! பெண்களின் மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம் பெற 1984 ஆகவேண்டியிருந்தது. ஆடவர் ஓடும் அதே 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைத்தான் பெண்களும் ஓடினார்கள்.

இத்தனை தூரம் போவானேன்? தோட்டத்தில் பிறந்தவர்கள் நம் அன்னையரை நினைத்தாலே போதும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பாலெடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். அப்பொழுது எவரும் பெண் களைத்துவிடுவாள் என்று வேலையைக் குறைக்கவில்லை. கூலியில் மட்டும் வேற்றுமை காட்டினர். 1920களின் இறுதியில் பல தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சுமை தூக்கும்போது நினைவுக்கு வாராத மென்மை, கூலி பெறும்போதும் விளையாடும்போதும் மட்டும் நினைவுக்கு வருவது என்ன விந்தை!

நிற்க. வேற்றுமை விதியின் வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் நாடு ஒன்று உண்டு. நம் பிள்ளைகளில் பலர் மருத்துவம் பயிலச் செல்லும் அயர்லாந்தே அது. முனை தட்டையான மரக்கட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் பழைய ஆட்டம் அங்கே உண்டு. கம்பத்தின் குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் பந்து சென்றால் மூன்று புள்ளி. மேலே சென்றால் ஒரு புள்ளி. ஆடவர் ஆடினால் அதற்கு 'ஹர்லிங்' என்று பெயர். பெண்கள் ஆடினால் 'கமோகி'. பெண்களுக்கென 1904இல் தனிச் சங்கம் தோன்றியபோது கட்டையின் பெயரையே சிறிது மாற்றி ஆட்டத்துக்குப் பெயராக்கினர். ஆடவர் அணிக்கு 15 பேர். பெண்களுக்கோ 1999 வரையில் 12 பேர், சிறிய களம். ஆடவர் பெரும்போட்டி 70 நிமிடம். பெண்களது 60 நிமிடம். பந்தும் சற்றுச் சிறிது. தோளோடு தோள் மோதுவது ஆடவர்க்கு ஆட்டத்தின் அழகு. பெண்களுக்கு நெடுங்காலம் குற்றம்.

எல்லாவற்றினும் வியப்பானது உடை விதி. கமோகி ஆடும் பெண் பாவாடையோ, பாவாடை போல் தைத்த கால்சட்டையோ அணிந்தே ஆடவேண்டும் என்று 2025 வரையில் விதி இருந்தது. இதனை மாற்றுமாறு வந்த தீர்மானம் 2024இல் சங்க மாநாட்டில் தோற்றது. 2025 மே 3ஆம் நாள் டப்ளின், கில்கென்னி ஆகிய இரண்டு அணிகளின் பெண்களும் சாதாரண அரைக்கால்சட்டை அணிந்து களத்துக்கு வந்தனர். உடையை மாற்றாவிடில் ஆட்டம் நடவாது என்று நடுவர் கூற, மாற்றிக்கொண்டு ஆடினர். செய்தி நாடெங்கும் பரவிற்று. 19 நாட்களில், மே 22ஆம் நாள் கூடிய சிறப்பு மாநாடு, விரும்பியதை அணியலாம் என்று நூற்றுக்கு 98 வாக்குகளால் முடிவு செய்தது. அதற்குள் பெண்ணுடல் மாறவில்லை, ஆட்டமும் மாறவில்லை. ஆடுகிறவர்கள் ஒன்றாக நின்று கேட்டார்கள், அவ்வளவே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கக் கேட்டதும் இத்தகையதே.

கபடியிலும் பெண்கள் காத்திருந்தே வந்தனர். ஆசிய விளையாட்டில் ஆடவர் கபடி 1990இல் பெய்ஜிங்கில் புகுந்தது. மகளிர் கபடி 2010இல் குவாங்சௌவில்தான் புகுந்தது. இருபது ஆண்டு இடைவெளி! பிறகு நிகழ்ந்ததைப் பாருங்கள். 2018இல் தலைமுக்காடு அணிந்த ஈரானியப் பெண்கள் இந்தியாவை 27க்கு 24 என்று வென்று தங்கம் பெற்றனர். 2023இல் ஹாங்சௌவில் இந்தியப் பெண்கள் சீன தைபேயை ஒரே புள்ளியில், 26க்கு 25 என்று வென்றனர். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில், சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினாள். குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளைக் குடியேற்றிய இடம் கண்ணகி நகர்.

இவற்றையெல்லாம் எழுதும் நாம் குற்றமற்றவரல்லோம். நாம் வளர்ந்த தோட்டத்தில், நிலாக் காலத்தில் லயத்து வாசலில் சடுகுடு ஆடுவோம். நம் தங்கையும் ஆடுவாள். அவளைப் பிடிப்பது எளிதன்று. அவள் பெரியவளான பின்னர், "இனி இவளை ஆட விடாதீர்கள், ஊர் சிரிக்கும்" என்று தாயிடம் சொன்னவர் நாமே. தந்தை சொல்லவில்லை, கங்காணி சொல்லவில்லை, எந்தச் சங்கமும் சொல்லவில்லை. அவளை ஒரு சொல் கேட்காமல், பதினேழு வயதில் நாமே கோடு கிழித்தோம். அவளும் எதிர்த்துப் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று ஐம்பது ஆண்டு எண்ணியிருந்தோம்.

அன்று பேத்தி கேள்வி கேட்ட மறுவாரம், தங்கையையும் திடலுக்கு அழைத்துச் சென்றோம். முக்காட்டைச் சரிசெய்தபடி நெடுநேரம் பேசாது பார்த்திருந்தாள். திடீரென்று நம் கையைப் பற்றி, "அண்ணே, அவள் இடது காலையே முன்னே வைத்துப் போகிறாள். கோடியில் நிற்கிறவள் அந்தக் காலைத்தான் பிடிப்பாள், பாருங்கள்" என்றாள். அவள் சொன்னவாறே அடுத்த பாட்டில் பேத்தி பிடிபட்டாள். ஐம்பது ஆண்டாக ஆடாத ஆட்டத்தை அவள் மறக்கவில்லை. நமக்கு நாணத்தால் தலை கவிழ்ந்தது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள சகோதரர்களே! உடலுக்கேற்ற வேற்றுமை விதியில் இருக்கலாம். அது வேண்டுமா என்பதை ஆடுகிற பெண்களைக் கேட்டே முடிவு செய்யவேண்டும். உங்கள் வீட்டுப் பெண் ஆட விரும்பினால், ஊர் என்ன சொல்லும் என்று பக்கத்து வீட்டைக் கேளாதீர்கள், அவளைக் கேளுங்கள். நாம் பேத்தியிடம் சென்று, முன்னர்ச் சொன்ன விடை தவறு என்று ஒப்புக்கொண்டோம். அவள் சிரித்துவிட்டு, "சரி தாத்தா, பாட்டியை நாளைக்கும் கூட்டி வாருங்கள். கால் வைக்கச் சொல்லிக் கொடுக்கட்டும்" என்றாள். இப்பொழுது நாங்கள் இருவரும் செல்கிறோம்.