வாசலிலேயே நிற்கும் லோடு

இரும்புச்சத்துக் குறைந்த ஒருவரின் ரத்தத்தைக் காவேரிப்பட்டினத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளுத்து, விளிம்பில் மட்டும் மெல்லிய வளையமாய்த் தெரியும். அபூர்வக் காட்சியல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அத்தனையும் இரும்புக் குறைவால் வந்ததல்ல என்றாலும் அதன் பங்கு கணிசமானது. இரும்பு இல்லை, ஆகவே அணு சிறுத்தது என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. அணு தன் கையைத் தானே கட்டிக்கொண்டதும் ஒரு காரணம்.

ஹீமோகுளோபினுக்கு இரண்டு சரக்கு வேண்டும்: குளோபின் என்னும் புரதச் சங்கிலி நான்கு, இரும்பை நடுவில் ஏந்திய ஹீம் நான்கு. ஹீம் கிடைக்காத குளோபின் உருண்டு கட்டியாகி அணுவையே கெடுக்கும். அதனால் ஹீம் குறைந்ததும் ஹெச்.ஆர்.ஐ. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமுக்கு முதல் அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது இ.ஐ.எஃப்2 என்ற தொடக்கக் காரணி. அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது அந்த நொதி. ஒட்டுப்பட்ட காரணி, தன்னை மறுபடி வேலைக்குத் தயாராக்க வரும் இ.ஐ.எஃப்2பி-யை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த உதவியாள் எண்ணிக்கையில் குறைவு. எனவே கொஞ்சம் காரணிகளில் ஒட்டினாலே போதும், புரத வேலை தொடங்குவதே அரிதாகிவிடும். கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழ் ஆலைகளை அறிந்தவருக்கு இது புதிதல்ல. டப்பா வராத நாளில் பெங்களூரா மாம்பழ லோடு வாசலிலேயே நிற்கட்டும். அறுத்துக் கூழாக்கியபின் நிறுத்தினால் அத்தனையும் புளித்துப்போகும்.

கட்டுப்பாடென்றால் அது மரபணுவில் அல்லவா இருக்கவேண்டும் என்று கேட்கலாம். ரெட்டிகுலோசைட் என்னும் இளம் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. குளோபினுக்கான ஆர்.என்.ஏ. முன்பே எழுதப்பட்டு உள்ளே கிடக்கிறது. அடக்க வேண்டுமானால் அதைப் படிக்கத் தொடங்கும் இடத்தில்தான் அடக்கமுடியும். சரி, சரக்கில்லாததால் வேலை நின்றதைக் கட்டுப்பாடு என்று பெருமையாகச் சொல்வானேன் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. 2001-ல் வெளியான எலி ஆய்வு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஹெச்.ஆர்.ஐ. இல்லாத எலிகளுக்கு இரும்பைக் குறைத்தபோது அணுக்கள் வழக்கம்போலச் சிறுக்கவில்லை. குளோபின் மட்டும் உற்பத்தியாகி, உள்ளே கட்டிகட்டியாய்த் தங்கி, அணுக்கள் அழிந்தன. ரத்தசோகை இன்னும் மோசமானது. வெறும் பற்றாக்குறைதான் அணுவைச் சுருக்குகிறது என்றால் இந்த எலிகளிலும் அது சுருங்கியிருக்க வேண்டும்.

அதற்காக ரத்தசோகையைச் செல்லின் சாமர்த்தியம் என்று விட்டுவிடவும் முடியாது. பிரேக் வண்டியைக் காக்கும், ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. கேழ்வரகில் இரும்பு உண்டு, ஆனால் அதிலுள்ள டானினும் ஃபைட்டேட்டும் அதை எளிதில் உடம்பில் சேரவிடாது. களியை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதால்தான் வளரிளம் பருவத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை. இரும்பு வந்தால் ஹீம் பெருகும், ஹீம் போய் ஹெச்.ஆர்.ஐ.-யில் ஒட்டி அதைத் தூங்கவைக்கும். சிகிச்சை தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் ரத்தத்தில் ரெட்டிகுலோசைட்டுகள் கூடியிருக்கும். ஹீமோகுளோபின் அளவு ஏற இன்னும் சில வாரம் ஆகும்.