ராட்டினம் ஏறாத பிள்ளையோடு தீபத் திருவிழா

என் பிறந்த வீடு திருவண்ணாமலை. கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னையில் எனக்கு இருப்புக் கொள்ளாது. பத்து நாள் தீபத் திருவிழா என்றால் மற்றவர்களுக்கு மலையும் ஜோதியும் நினைவுக்கு வரும். எனக்கு அதோடு சேர்ந்து ராட்டினமும் வரும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய், ஜெயன்ட் வீல் உச்சியில் நிற்கும்போது ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்ட பிள்ளை நான். குடை ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டிராகன் ரயில் எதையும் விட்டதில்லை.

எனக்குப் பிறந்தவன் ராட்டினத்தைக் கண்டாலே பத்தடி பின்னால் போவான்.

2022-ல் அவனுக்கு ஏழு வயது. கொரோனாவால் இரண்டு வருடங்கள் பக்தர்கள் கூட்டமில்லாமல் நடந்த திருவிழா, அந்த டிசம்பரில்தான் பழையபடி களைகட்டியது. அண்ணன் மகளோடு அவனையும் ராட்டினத் திடலுக்குக் கூட்டிப்போனேன். ஜெயன்ட் வீல் அருகில் போனதும், “எனக்கு வேணாம்மா” என்றான்.

“ஒரே ஒரு தடவை ஏறிட்டா பயம் போயிடும்டா. அம்மா பக்கத்துலயே இருக்கேன். ஒண்ணும் ஆகாது.”

“வேணாம்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனைவிடச் சின்னப் பெண் ஒருத்தி தாவி ஏறி உட்கார்ந்தாள். எனக்கு என்னவோ போலிருந்தது. அவனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டேன்.

சக்கரம் சுற்றிய நேரம் முழுக்க அவன் கத்தவில்லை, அழவில்லை. என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துவிட்டபோது, “நான்தான் வேணாம்னு சொன்னேன்ல?” என்று மட்டும் கேட்டான்.

அதற்கப்புறம் ஒரு வருடம் என்னுடைய “ஒண்ணும் ஆகாது” என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மதிப்பே இல்லாமல் போனது. நீச்சல் வகுப்பு வாசலில் சொன்னேன், திரும்பி நடந்தான். காய்ச்சலுக்கு ஊசி போடப் போனபோது சொன்னேன், அவன் அப்பா பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ராட்டினத்துக்கு அவன் பயப்பட்டதில் தப்பில்லை. இப்போது அவன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறான் என்பதுதான் உறுத்தியது.

நிபந்தனையோடு ஒரு பயணம்

2023-ல் நவம்பர் 17-ம் தேதி கொடியேற்றம். 23-ம் தேதி தேர், 26-ம் தேதி மகாதீபம். பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, தேருக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்ப முடிவு செய்தேன். “நான் வரல, அங்க ராட்டினம் இருக்கும்” என்றான்.

“ராட்டினம் இருக்கும். ஆனா நீ வேணாம்னு சொன்னா வேணாம். ஒரு தடவை சொன்னா போதும், அம்மா மறுபடி கேட்க மாட்டேன்.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “மாமா கேட்டா?” என்றான்.

“மாமாவும் கேட்க மாட்டார். நான் சொல்லிடறேன்.”

கோயம்பேட்டிலிருந்து பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வழக்கம்போல் திண்டிவனம் தாண்டியதும் முகம் வெளுத்தது. கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. பஸ்ஸில் குமட்டுகிற பிள்ளையைத்தான் நான் ராட்டினத்தில் ஏற்றியிருக்கிறேன். கண் ஒன்றைச் சொல்ல, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொன்னால் மூளை குழம்பிப்போகும். தலைசுற்றலும் குமட்டலும் அதனால்தான் வருகின்றன. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரைக்கும் இது பிள்ளைகளுக்கு அதிகம். இதைத் தைரியமில்லாதவன் என்று நினைத்தது என் தப்பு.

அறுபத்து மூவர் வந்த காலை

ஆறாம் நாள் காலையில் அறுபத்து மூவர் உலா. நாயன்மார்கள் ஒவ்வொருவரையும் பள்ளி மாணவர்கள் தோளில் சுமந்துகொண்டு மாடவீதிகளில் வருவார்கள். சின்ன வயதில் நான் இதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. ராட்டினத்துக்கு எப்போது போவோம் என்பதிலேயே குறியாக இருப்பேன்.

அண்ணன் எங்களைத் திருவூடல் வீதியில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்தார். மகன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். நாற்பதுக்குப் பக்கத்தில் கணக்கு தப்பியது. “மாமா, அந்த அண்ணனுக்குத் தோள் வலிக்காதா?” என்று கேட்டான். அது காதில் விழுந்து, சுமந்து வந்த பையன் ஒருவன் திரும்பி, “வலிக்கும்டா தம்பி, ஆனா ஜாலியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான். மகனுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று முழுக்க வீட்டில் ஆயாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று இரவு வெள்ளித் தேர். முந்தின இரவு வந்து இறங்கியதும் பெரிய ரிஷப வாகனத்தைப் பார்த்திருந்தோம். அதிகார நந்தியில் தொடங்கி இந்திர விமானம், காமதேனு, குதிரை, கைலாசம் என்று சுவாமிக்குத் தினம் ஒரு வாகனம். “சாமிக்குத்தான் நிறைய ரைடு” என்றான். வீடே சிரித்தது.

வடம் பிடித்த கை

ஏழாம் நாள் ஐந்து தேர். விடிகாலையில் பிள்ளையார் தேர் முன்னால் போகும். அடுத்து முருகர். அதற்கப்புறம் அண்ணாமலையாரின் மகாரதம் நிலையை விட்டு நகரும். இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஆயிரக்கணக்கானவர்கள் இழுக்க, வீட்டு மாடிகளையெல்லாம் தாண்டிய உயரத்தில் அது அசைந்து வரும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நடந்து வருவார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தேருக்கு முன்னும் பின்னும் கரும்புத் தொட்டில்கள். பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், பிறந்த குழந்தையைக் கரும்பில் கட்டிய சேலைத் தொட்டிலில் போட்டு மாடவீதியைச் சுற்றி வருவார்கள். “உன்னையும் இப்படித்தான் தூக்கிட்டு வந்தோம்” என்றார் அம்மா.

“அப்ப நான் அழுதேனா ஆயா?”

“நாலு வீதியும் அழுத.”

“பாரும்மா, அப்பவே எனக்குப் பிடிக்கல” என்றான் என்னிடம்.

பராசக்தி அம்மன் தேரைப் பெண்கள்தான் இழுப்பார்கள். இருட்டிய பிறகு நானும் அண்ணியும் போய் வடத்தைத் தொட்டுவிட்டு வந்தோம். அதற்கும் பின்னால் வருவது சண்டிகேஸ்வரர் தேர். அந்தச் சின்னத் தேர் பிள்ளைகளுடையது. வடம் பிடிப்பது சிறுவர்கள்.

அண்ணன் அவனிடம், “போறியா?” என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் தேரைப் பார்த்தான், வடத்தைப் பார்த்தான், இழுக்கிற பிள்ளைகளைப் பார்த்தான். “வேணாம்னா விட்டுடலாம்ல?” என்றான். “எப்ப வேணும்னாலும்” என்றார் அண்ணன்.

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணன் அவனுக்குப் பின்னாலேயே நடந்தார். முதலில் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு போனவன், தேர் ஒரு இடத்தில் நின்று மறுபடி கிளம்பியபோது உடம்பைச் சாய்த்து இழுத்தான். “அரோகரா” சத்தத்தில் அவன் குரலும் இருந்தது. நான் ஓரமாக அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. “நாங்க இழுத்தாதான் போகுதும்மா. நிறுத்தினா நின்னுடுது” என்றான். ராட்டினத்தில் அவனுக்கு எது பிடிக்கவில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அங்கே அவன் நிறுத்தச் சொன்னால் நிற்காது.

திடலில் ஒரு மாலை

மறுநாள் சாயங்காலம் அவனே, “ராட்டினத்துக்குப் போலாமா? நான் ஏற மாட்டேன், பார்ப்பேன்” என்றான்.

ஏறாமல் ஒரு திருவிழாத் திடலில் என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் நானும் பார்த்தேன். முறம் அளவுக்கு டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பஞ்சு மிட்டாய். வளையம் வீசும் கடையில் பத்து வளையம் வாங்கி, ஒரு சோப்பு டப்பா ஜெயித்தான். அதை இன்னும் பிரிக்கவில்லை. அலமாரியில் கோப்பை மாதிரி நிற்கிறது.

அப்புறம் ஜெயன்ட் வீலுக்கு அடியில் போய் நின்றான். அண்ணன் மகளும் அண்ணனும் ஏறினார்கள். அவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்வது, எத்தனை சுற்று என்று எண்ணுவது. ஒவ்வொரு முறை அவர்கள் கீழே வரும்போதும் இரண்டு கையையும் ஆட்டினான்.

அவன் கண் சக்கரத்தின் மேலேயே இருந்தது. “அம்மா, ஏன் அந்த அங்கிள் பக்கத்துப் பக்கத்துல ஏத்தாம, ஒரு பெட்டியில ஏத்திட்டு எதிர்ப்பக்கப் பெட்டியைக் கீழே கொண்டு வர்றார்?” என்று கேட்டான். அத்தனை வருடம் ஏறியவள், எனக்கு இது தெரியாது. ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவரிடமே கேட்கச் சொன்னேன். அவர் கூட்டத்துக்கு நடுவிலும் நின்று பதில் சொன்னார்: “ஒரே பக்கமா ஏத்தினா பாரம் அந்தப் பக்கம் இழுத்துடும் தம்பி. ரெண்டு பக்கமும் சமமா இருந்தாதான் மோட்டார் திணறாம சுத்தும்.”

வீட்டுக்கு வந்து ஆயாவின் தட்டு, ஸ்பூன், புளியங்கொட்டையை வைத்து ராட்டினம் செய்து காட்டினான். ஒரு பக்கம் மட்டும் புளியங்கொட்டை வைத்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்குத் தனித்தனியாக வகுப்பு நடந்தது. ஏறியவர்கள் கொண்டு வந்த சந்தோஷத்தைவிட அவன் கொண்டு வந்தது குறைவில்லை.

26-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து எல்லோருமாக மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீபம் தெரிந்ததும், மாமாவின் தோளில் ஏறிக்கொள்கிறேன் என்று அவனே கேட்டு ஏறிக்கொண்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால்

திருவண்ணாமலை தீபமோ, உங்கள் ஊர்ப் பொருட்காட்சியோ, டிக்கெட் வாங்கி உள்ளே போகும் பெரிய தீம் பார்க்கோ, எனக்குக் கைகொடுத்தது இவ்வளவுதான்.

* கிளம்பும் முன்பே “வேணாம்னா வேணாம்” என்று வாக்குக் கொடுங்கள். கூட வரும் சித்தப்பா, மாமா, அத்தையிடமும் சொல்லிவையுங்கள். கேலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

* ஏறாத பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். எண்ணுவது, போட்டோ எடுப்பது, அடுத்து எந்தக் கடை என்று முடிவு செய்வது. சும்மா காத்திருக்கும் பிள்ளைதான் அழும்.

* ஏறப் பிடிக்கும் பிள்ளையும் கூட இருந்தால், பெரியவர்கள் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இருவருக்கும் நாள் கெடாது.

* தீபத்துக்கு வருகிறவர்கள் பத்தாம் நாள்தான் வர வேண்டும் என்றில்லை. அன்று பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். நெரிசலில் பிள்ளைகளோடு நடப்பது சிரமம். ஆறாம் நாள் காலை அறுபத்து மூவர் உலா பிள்ளைகளுக்கு ஏற்றது. தீபம் முடிந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் அய்யங்குளத்தில் தெப்பம் நடக்கும். மலையில் ஜோதி பதினோரு நாள் எரியும். தேர் நாளில் வந்தால் பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். மகாரதத்தின் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்று பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை எடுக்க அவனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வாசலில் நின்று, “ஒண்ணும் ஆகாதாம்மா?” என்றான்.

“ஊசி குத்தும்போது வலிக்கும். கட்டெறும்பு கடிச்ச மாதிரி. பத்து எண்ணுறதுக்குள்ள மரத்துடும். நடுவுல நிறுத்தணும்னா கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்திடுவார். நான் கேட்டுட்டேன்.”

கொஞ்சம் யோசித்தான். “சரி” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.