கருகினதா, இடித்ததா

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்த புதிதில், வாய்ஸ் காயில் மாற்றவோ கோன் ஒட்டவோ கடைக்கார அண்ணன் சொல்லித்தரவில்லை. செத்துப்போன ஊஃபரைக் கையில் கொடுத்து, "இது எப்படிப் போச்சுன்னு சொல்லு தம்பி" என்பார்.

முதலில் மல்டிமீட்டர். 8 ஓம் ஊஃபர் நல்லபடியாக இருந்தால் 6 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. அடுத்து, கோனின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அமுக்க வேண்டும். கரகரவென்று உரசினால் காயில் காந்த இடுக்கில் தேய்கிறது. மீதியைக் கோனை அறுத்துக் காயிலை வெளியே எடுத்தால்தான் சொல்ல முடியும். கம்பி கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் சூட்டில் போனது. கம்பி பளபளவென்று இருந்து, அது சுற்றியிருக்கும் குழாயின் அடி நசுங்கியிருந்தால், கோன் அளவுக்கு மீறி ஆடிக் காந்தத்தின் அடித்தட்டில் இடித்திருக்கிறது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பதோ, "எத்தனை வாட்ஸ் தாங்கும்?" பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பிஎம்பிஓ எண்ணை அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆர்எம்எஸ் பார்ப்பார். அதுவும் பெரும்பாலும் சூட்டுக்கான கணக்குத்தான். இடிப்பதற்கு வேறு கணக்கு. 80 ஹெர்ட்ஸில் கோன் 1 மில்லிமீட்டர் ஆடினால், அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் கொடுக்க 4 மில்லிமீட்டர் ஆட வேண்டும். முன்னால் ஓட்டை வைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம்: அந்த ஓட்டைக்கென்று அமைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் காற்று கோனைத் தாங்காது. வளைந்துபோன இசைத்தட்டை ஓட விட்டு வலையைக் கழற்றிப் பாருங்கள். அந்த வளைவு காதில் விழாது. கோன் மட்டும் முன்னும் பின்னும் தள்ளாடும். ஆம்பில் இந்தக் கேட்காத அதிர்வை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் பட்டன் இருந்தால், அதைப் போட்டு வைக்கச் சொல்லுவோம்.

பேஸ் குமிழ் விஷயத்தில் அண்ணன் கொஞ்சம் கறார். 10 டெசிபல் ஏற்றினால் அந்தக் கீழ்ச்சத்தத்துக்கு மட்டும் ஆம்ப் 10 மடங்கு பவர் தர வேண்டும். சின்ன ஆம்புக்கு அது முடியாது. அலையின் தலை வெட்டுப்பட்டு, டிரம் 'தும்' என்று விழ வேண்டிய இடத்தில் 'தட்' என்று விழும். வழக்கமாக முதலில் போவது மேல்சத்தம் தரும் ட்வீட்டர். அப்போதும் குறைக்காவிட்டால் ஊஃபர் காயிலும் சூடேறும். குமிழைத் திருகியும் சத்தம் கூடாமல் கரகரப்பு மட்டும் கூடினால் அதுதான் எல்லை. என்னைக் கேட்டால், வாட்ஸ் கணக்கைவிட இந்தக் காதுக் கணக்கே மேல்.

பாட்டே போடாமல் போகிற ஊஃபரும் உண்டு. ஆம்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி வோல்டேஜ் நேராகக் காயிலுக்கு வந்துவிடும். கோன் ஒரு பக்கமாகத் தள்ளி அப்படியே நிற்கும், கொஞ்ச நேரத்தில் புகை. அதனால் சர்வீஸ் முடிந்த ஆம்பை ஸ்பீக்கரோடு சேர்க்கும் முன் அவுட்புட்டில் மீட்டர் வைத்துப் பார்ப்போம். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் டிசி காட்டினால் ஆம்ப் திரும்ப மேஜைக்கு வந்துவிடும், வாடிக்கையாளர் வாசலில் காத்துக்கொண்டிருந்தாலும்.