கரம்பொன் கிணற்றடியில்

பண்ணைக் கடலின் நடுவே நீண்டு செல்லும் வீதியில் காலைப் பொழுதிற் பயணஞ் செய்வது ஒரு தனி இன்பம். இரு மருங்கும் ஆழமற்ற நீர், அதிற் களங்கண்ணி வலைகளின் கம்புகள், அவற்றின்மேல் நீர்க்காகங்கள். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை ஆகியவற்றைத் தாண்டி ஊர்காவற்றுறையை அணுகும்போது, பனைகளுக்கிடையே கரம்பொன் தோன்றுகின்றது. தனிநாயகம் அடிகள் 1913 இற் பிறந்த ஊர் இது. ஆனால் நாம் அன்று தேடிச் சென்றது தமிழாராய்ச்சியை அன்று, ஒரு கிணற்றை.

நம் மாணவர் மூவர் சில மாதங்களாக ஆர்டுயினோ என்னும் சிறு பலகையோடு பொழுது போக்கி வந்தனர். இத்தாலியின் இவ்றேயா நகரில் 2005 இல், மாணவர் எளிதாகவும் மலிவாகவும் பயிலவேண்டுமென்று உருவாக்கப்பட்டது அது. (பெயர்க்காரணம் ஆராயப் புகுந்தால், அவ்வூரின் ஒரு மதுச்சாலையிற் போய் முடியும். நிற்க.) அதிலுள்ள நுண்கட்டுப்படுத்தி, நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை ஒழுங்காக நிறைவேற்றும். வகுப்பறையில் விளக்கை மினுக்கி மினுக்கி மாணவர்க்கு அலுத்துவிட்டது. அவர்களுள் ஒருவனுடைய பேர்த்தியார் கரம்பொன்னில் இருக்கிறார். “ஆச்சி வீட்டுக் கிணற்றை அளப்போம், சேர்” என்றான் அவன்.

கிணற்றுக்கட்டிற் சாக்கை விரித்து, உறுப்புகளைப் பரப்பினோம். முதலில், இயந்திரம் விழித்திருப்பதைக் காட்ட ஒரு சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு. அவசரக்காரன் ஒருவன் தடையி இல்லாமலே அதை 5 வோல்ற்று மின்னோடு நேரே இணைத்தான். ஒரு கணம் ஒளிர்ந்து அது உயிர் நீத்தது. 220 ஓம் தடையி ஒன்றை இடையில் வைத்திருந்தால், ஏறக்குறைய 14 மில்லி அம்பியர் மின்னோட்டமே சென்றிருக்கும், விளக்கும் பிழைத்திருக்கும். இரண்டாவது விளக்குப் பிழைத்தது.

அடுத்தது இரு கண்களை ஒத்த கழியொலி உணரி. வௌவாலைப் போல, நம் செவிக்கெட்டாத 40 கிலோ ஹேட்ஸ் ஒலியை ஒரு கண்ணால் விடும்; எதிரொலியை மறு கண்ணாற் கேட்கும். போய்வந்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கலாம். நான்கு மீற்றர் வரை அதற்கு எட்டும். தீவகத்தின் ஆழமற்ற கிணறுகளுக்கு அதுவே போதும்.

ஆனால் முதலளவு மூன்றடி என்று வந்தது! கயிறு விட்டுப் பார்த்தாலோ ஒன்பதடி. மாணவர் கட்டளைகளை வரிவரியாகத் துருவினர், பிழை அங்கில்லை. உணரியைச் சுவரோரமாகப் பிடித்திருந்தோம். ஒலி விரிந்து செல்வதால், துருத்தி நின்ற கல்லொன்றிற் பட்டு அது திரும்பியிருக்கின்றது. பனைமட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, நடுவிற் கட்டிவிட்டதும் ஒன்பதடி வந்தது. ஆயினும் இரண்டங்குலம் குறைவு. வெப்பக் காற்றில் ஒலி விரைவாகச் செல்லும். நம் கணக்கோ 20 பாகைக்குரியது. வெப்பநிலையும் ஈரப்பதனும் அறியும் டி.எச்.ரி. 11 என்னும் நீலப் பெட்டியை இணைத்தோம். காற்று 32 பாகை. கணக்கைத் திருத்தவே, கயிறும் கருவியும் ஒத்துப்போயின.

இரண்டங்குலத்துக்கு இத்தனை பாடா என்று வாசகர் கேட்கலாம். தீவில் நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பதடி நன்னீர் உண்டென்பது நிலத்தடி நீரியலார் கணக்கு. எனவே நன்னீரின் மட்டம் நிலையாக இரண்டங்குலம் தாழுமானால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர் எண்பதங்குலம் மேலேறக்கூடும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைக்க, கிணறும் இளைப்பாறியது. மின்பம்பிக்குக் களைப்பேது?

இவற்றையெல்லாம் நாம் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்த ஆச்சி, “ஆழத்தைச் சொல்லுது, சரி. சவரைச் சொல்லுமோ, மாஸ்ரர்?” என்று கேட்டார்.

நாம் நாணித்தான் போனோம். கேட்கவேண்டிய கேள்வி அதுவே. கையிலிருந்த துருப்பிடியா ஆணிகள் இரண்டை அரையங்குல இடைவெளியிற் கட்டினோம். ஆயிரம் ஓம் தடையி ஒன்றோடு தொடுத்தோம். உப்பு மிக்க நீர் மின்னை எளிதிற் கடத்தும்; அதற்கேற்பப் பலகை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைக் காட்டும். எந்நேரமும் மின் பாய்ந்தால் ஆணிகள் அரிக்கப்படும்; ஆகவே அளக்கும் கணத்துக்கு மட்டும் மின் கொடுத்தோம். இஃது ஆய்வுகூட அளவன்று. ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு, அயல்வீட்டுக் கிணறு ஆகிய மூன்றின் நீரும் மூன்று குவளைகளில் வந்தன. கருவி காட்டிய எண்களைக் கொப்பியில் மறைத்து எழுதிவிட்டு, ஆச்சியிடம் குவளைகளைக் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு பருகினார். அவர் நாக்கு வைத்த வரிசையும் கருவி வைத்த வரிசையும் ஒன்றே. தோட்டக் கிணறுதான் கடைசி.

“முந்தி இந்தத் தண்ணியிலைதான் தேத்தண்ணி வைப்பம்” என்று அக்குவளையை வாழையடியில் ஊற்றினார். பையன்கள் பனைமட்டையை அவிழ்க்கப் போனபோது தடுத்தார். “கிடக்கட்டும். மாரி முடிஞ்ச கையோடை எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணியிலை வந்து அளந்து பாருங்கோ.”

மட்டையை அங்கேயே விட்டு வந்தோம். ஆவணிக்குரிய பக்கம் கொப்பியில் வெறுமையாக இருக்கின்றது.